களைக்கீரை

"இன்னாக்கா, பாப்பாத்தியா ஆயிட்டியா?"

2014ஆம் வருஷம் பொங்கல் கழிந்து கரிநாளன்று என் தம்பி கேட்ட கேள்வி இது. எங்கள் காலனியில் அன்றைக்கு வீட்டுக்கு வீடு மாட்டுக்கறி கொதிக்கும். தம்பி பெண்டாட்டி சட்டியோடு வந்து என் இலையில் கரண்டியைச் சாய்க்கப் போனாள். நான் கையை நீட்டித் தடுத்தேன். "எனக்கு வேணாம்மா. கீர இருந்தா ஒரு கரண்டி போடு" என்றேன். சட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவள் நின்றுவிட்டாள். அப்போதுதான் தம்பி அந்தக் கேள்வியைக் கேட்டான். பந்தியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விளையாட்டாய்க் கேட்டதுதான். ஆனால் அவன் இருபது வருஷமாக இயக்கத்தில் இருக்கிறவன். மாட்டுக்கறி எங்கள் உரிமை என்று பல மேடையில் பேசியவன். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தபோது, நான் ஏதோ கட்சி மாறிவிட்டதுபோல எனக்கே ஒரு கூச்சம் வந்தது. அன்றைக்கு அவனுக்குச் சொல்லத் தெரியாததை இத்தனை வருஷம் கழித்து எழுதிப் பார்க்கிறேன்.

அதற்கு மூன்று மாதம் முன்னால் எனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. அப்போது எனக்கு வயது 49. மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனையில் 9.4 இருந்தது. ரத்த அழுத்தமும் இருந்தது. சிறுநீரில் புரதம் இறங்க ஆரம்பித்திருக்கிறது, இப்படியே விட்டால் சிறுநீரகம் போய்விடும் என்றார் டாக்டர். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பயமாயிருந்தது. மூன்று வேளையும் வெள்ளை அரிசி. வாரத்தில் நான்கு நாள் ஆடோ மாடோ பிராய்லர் கோழியோ, பாதிநாள் எண்ணெயில் பொரித்தது. பள்ளிக்கூடத்தில் ஐந்து டீ, பாலும் சர்க்கரையும் போட்டு. பசியில் வளர்ந்த பிள்ளை வாத்தியார் வேலைக்கு வந்து சம்பளம் வாங்கினால் என்ன சாப்பிடுமோ அதைத்தான் நான் சாப்பிட்டிருந்தேன். சின்ன வயசில் கிடைக்காததையெல்லாம் பெரிய வயசில் தின்று தீர்த்துவிடப் பார்த்தேன்.

கறியையும் அரிசியையும் குறைத்து, கீரை, காய், பயறு, சிறுதானியம் என்று மாறச் சொன்னார் டாக்டர். நான் குறைக்கிற ஆள் இல்லை. விட்டால் மொத்தமாக விடுவேன், பிடித்தால் மொத்தமாகப் பிடிப்பேன். கறியை விட்டேன். பாலையும் விட்டேன். இரண்டு வருஷத்தில் 9.4 என்பது 7.1 ஆயிற்று. ஒன்பது கிலோ இறங்கினேன். மாடிப்படி ஏறும்போது முழங்கால் பிடித்துக்கொள்வது நின்றது. மாத்திரை பாதியாகக் குறைந்தது. மாத்திரையே வேண்டாம் என்று ஆகிவிட்டதாகப் பொய் சொல்லமாட்டேன். இன்றைக்கும் காலையில் ஒன்று போட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் நடக்கிறேன். எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் அதில் பெரும்பங்கு தட்டுக்கு உண்டு. கீரையிலும் பயற்றிலும் இருக்கிற நார்ச்சத்து, சர்க்கரை ரத்தத்தில் ஏறுகிற வேகத்தைத் தடுத்து நிறுத்துகிறது என்பதை என் உடம்பிலேயே பார்த்தேன்.

இதோடு முடிந்தால் இது ஒரு வியாதிக்காரியின் கதை. ஆனால் நம்முடைய நாட்டில் தட்டு வெறும் தட்டாக இருப்பதில்லை.

1991இல் எனக்கு முதல் மாறுதல் வந்து டவுனில் வீடு தேடினேன். பதினோரு வீடு பார்த்தேன். யாரும் என்னிடம் சாதி கேட்கவில்லை. "நீங்க சைவமா, டீச்சர்?" என்றுதான் கேட்டார்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், "வீட்ல கவுச்சி சமைக்கக் கூடாதுங்க" என்றார்கள். அவர்களில் பலபேர் வீட்டுப் பின்கட்டில் ஆட்டெலும்பு கிடந்ததை நான் பார்த்தேன். கவுச்சி என்று அவர்கள் சொன்னது மாட்டை. மாடு என்று அவர்கள் நினைத்தது என்னை. பன்னிரண்டாவது வீடு ஒரு முஸ்லிம் அம்மாவுடையது. அந்தம்மா கேட்டது வாடகையை மட்டும்தான்.

இந்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு 2014இல் ஆட்கள் சாப்பாட்டையும் கேட்டுப் பதிந்தது. தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் புலால் உண்கிறவர்கள். இந்தியா முழுக்க எடுத்தால் பத்துக்கு ஏழுபேர். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லாத ஒரு வழக்கம்தான் வீட்டு வாசலில் நின்று மற்ற எல்லாரையும் அளக்கிறது.

அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு வலித்தது. நான் கறியை விட்டு ஒரு வருஷம் ஆனபோது, பள்ளிக்கூட ஓய்வறையில் ஒரு சக ஆசிரியை என் டப்பாவை எட்டிப் பார்த்தார். கேழ்வரகுக் களி, கடைந்த கீரை. அவர் ஊர்த்தெருக்காரர். பன்னிரண்டு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும் என் டப்பாவிலிருந்து ஒருவாய் எடுத்துக்கொள்ளாதவர். அன்றைக்கு ஒரு விரல் கீரையை எடுத்து ருசி பார்த்துவிட்டுச் சொன்னார்: "சைவமா மாறினதுலேர்ந்து மொகத்துல ஒரு களை வந்திருக்கு, டீச்சர்."

அந்த வார்த்தை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. களை. எனக்குத் தெரிந்த களை வேறு.

எங்க ஆயா களையெடுக்கிறவள். பாலாற்றங்கரைப் பக்கம் கேழ்வரகுக் கொல்லையிலும் கடலைக் கொல்லையிலும் குனிந்த முதுகு நிமிராமல் கூலிக்குக் களை பிடுங்குவாள். விளைந்த கேழ்வரகில் ஒரு கதிர் மடியில் இருந்தாலும் சாயங்காலம் நிலத்துக்காரன் உதறிப் பார்ப்பான். ஆனால் களைக்கு யாரும் கணக்குப் பார்க்கமாட்டார்கள். பிடுங்கி வரப்பில் போடுகிறதுதானே. ஆயா அந்தக் களையிலிருந்துதான் எங்களுக்குச் சோறு எடுத்தாள். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சாரணைக்கீரை, குப்பைக்கீரை, வரப்போரத்துப் பொன்னாங்கண்ணி, நெல்லு வயலில் ஆரைக்கீரை. மடி நிறையக் கட்டிக்கொண்டு வருவாள். மடியை அவிழ்த்தால் வீடு முழுக்கப் பச்சை வாசனை. நாலு பச்சைமிளகாய், கொஞ்சம் புளி, உப்பு. மண்சட்டியில் போட்டு மத்தால் கடைந்தால் களிக்குத் தொட்டுக்கொள்ளக் குழம்பு.

ஊர்த்தெருக்காரர்கள் அதைக் கீரையாக மதித்ததில்லை. அவர்களுக்குக் கீரை என்றால் பாத்தி கட்டி வளர்த்த அரைக்கீரை, சிறுகீரை. தொய்யக்கீரை பறக்கீரை. கீரைக்குச் சாதியில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிடுங்கின கையின் சாதி கீரைக்கும் உண்டு.

வருஷத்தில் முந்நூறு நாள் நாங்கள் சாப்பிட்டது இதுதான். கேழ்வரகுக் கூழ், களி, கம்பு, கொள்ளு, காராமணி, மொச்சைக்கொட்டை, களைக்கீரை, முருங்கைக்கீரை. பால் கிடையாது. மோர் என்பது நிலத்துக்காரன் வீட்டில் திட்டோடு சேர்த்து ஊற்றினால் உண்டு. நெய்யை நான் முதன்முதலில் தொட்டது ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில். மாட்டுக்கறி மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு முறை. மழைக்காலத்தில் நண்டும் நத்தையும், அறுப்புக் காலத்தில் வயல் எலியும். இன்றைக்கு ஊட்டச்சத்துக்காரர்கள் 'தாவர உணவை அடிப்படையாகக் கொண்ட முறை' என்று எதைச் சொல்கிறார்களோ அதைச் சேரியில் எந்தப் பெயரும் இல்லாமல் சாப்பிட்டோம். பெயர் வைத்தவர்கள் வைத்த பெயர் ஒன்றுதான்: "மாடு துன்றவங்க." முந்நூறு நாள் கூழும் கீரையும் அவர்கள் கண்ணில் படவில்லை. கறி தின்ற இருபது நாள்தான் எங்கள் பெயராயிற்று.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஆயா அது நல்ல சாப்பாடு என்று சாப்பிடவில்லை. வேறு இல்லை என்று சாப்பிட்டாள். கூழில் மாவைவிடத் தண்ணீர் அதிகம் இருந்த நாட்கள் உண்டு. பசியைப் பாரம்பரியம் என்று பாட்டுக் கட்டுகிறவர்களோடு எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் இல்லாமையிலிருந்து அவள் உண்டாக்கிய அறிவு அறிவுதான். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் இருந்தால் அதிகம். நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம். இந்தக் கணக்கு ஆயாவுக்குத் தெரியாது. எந்தக் கீரை எந்த மாதம் இளசு, எதைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று தெரியும்.

2023ஆம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. அதை முன்மொழிந்தது இந்தியா. எங்க ஆயாவைக் "கூழு குடிக்கிறவ" என்று ஏசினவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கேழ்வரகு மாவைப் பளபளப்பான பொட்டலத்தில் வாங்குகிறார்கள். வாங்கட்டும். நல்லதுதான். ஆனால் பொட்டலத்தில் ஆயாவின் பெயர் எங்கேயும் இல்லை.

கறியை விடுவது என்றால் சைவமாவது, சைவமாவது என்றால் மேலே ஏறுவது. இப்படி ஒரே ஏணிதான் நமக்குக் காட்டப்பட்டிருக்கிறது. நம்மில் சிலபேர் அந்த ஏணியில் ஏறியும் பார்த்தார்கள். கறியை விட்டார்கள், பூசை போட்டார்கள். தெரு மாறவில்லை. ஆனால் எங்கள் வீட்டிலேயே விடுவதற்கு இன்னொரு வரலாறு இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

எங்க தாத்தா காலத்தில் ஊரில் மாடு செத்தால் சேரிக்கு ஆள் வரும். தூக்கிக்கொண்டு போகவேண்டும். தூக்கினதற்குக் கூலி அந்தச் செத்த கறிதான். தோலும் நிலத்துக்காரனுக்குத் திரும்பவேண்டும். ஒருநாள் தாத்தாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும், "இனிமே தூக்கமாட்டோம், செத்ததத் துன்னவும் மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் யாருக்கும் வேலை இல்லை. குளத்தில் தண்ணீர் மொள்ள விடவில்லை. செத்த மாடு ஊரோரத்தில் கிடந்து நாறியது. கடைசியில் ஊர்க்காரர்களே புதைத்தார்கள். தாத்தா அதன்பிறகும் மாட்டுக்கறி சாப்பிட்டார். காசு கொடுத்து, கடையில் அறுத்ததை. அவர் விட்டது கறியை அல்ல. அடிமை வேலைக்குக் கூலியாக வந்த கறியை.

1927 மார்ச்சில் மகாத்தில் கூடிய மாநாட்டில் அம்பேத்கர் செத்த மாட்டின் கறியை விடுங்கள் என்று நம் மக்களைக் கேட்டுக்கொண்டார். அதே அம்பேத்கர்தான் 1948இல் தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில், ஒருகாலத்தில் எல்லாரும் தின்ற மாட்டுக்கறியைப் பௌத்தத்தோடு நடந்த போட்டியில் பார்ப்பனர்கள் விட்டார்கள் என்றும், தொடர்ந்து தின்றவர்கள் மேல் தீண்டாமை விழுந்தது என்றும் வாதிட்டார். இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். எதைத் தின்கிறோம் என்பதில் இழிவு இல்லை. யார் சொல்லித் தின்கிறோம், யார் சொல்லி விடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 2016 ஜூலையில் குஜராத்தில் உனா பக்கம் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அங்கே நம் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் அரசு அலுவலக வாசலில் போட்டார்கள். எங்க தாத்தா உயிரோடு இருந்திருந்தால் அந்தப் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருப்பார்.

இனி சுற்றுச்சூழலுக்கு வருகிறேன்.

2019இல் ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்குப் பார்வையாளராகப் போயிருந்தேன். பூமி சூடாவதைப் பற்றி ஒருவர் நன்றாகவே பேசினார். மாடு அசைபோடுகிற பிராணி. அதன் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் புல்லைச் செரிக்கும்போது மீத்தேன் உண்டாகிறது, ஏப்பமாக வெளியே வருகிறது. இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கு மேல் சூடேற்றுகிற வாயு அது. மனிதர்களால் உண்டாகிற வெப்பவாயுக்களில் கால்நடை வளர்ப்பின் பங்கு 14.5 சதவீதம் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் கணக்கிட்டது. 2023இல் அதையே சுமார் 12 சதவீதம் என்றது. அமேசான் காடு அழிந்ததற்கு முதல் காரணம் மாட்டு மேய்ச்சல் நிலம். ஒரு கிலோ மாட்டுக்கறிக்கு ஆகிற வாயு ஒரு கிலோ பருப்புக்கு ஆவதைப்போலப் பல மடங்கு. எல்லாம் உண்மை. கடைசியில் அவர் சொன்னார்: "ஆகவே மாட்டிறைச்சி உண்பவர்கள் அதைக் கைவிட முன்வரவேண்டும்." சொல்லும்போது கூட்டத்தில் எங்கள் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார்.

நான் எழுந்தேன். "அய்யா, மத்தியானம் நமக்குப் போட்ட தயிர்சோத்துல இருந்த தயிரு எந்த மாட்டுது? அந்த மாடு ஏப்பம் விடாதுங்களா?"

சிரித்தார்கள். ஆனால் நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் 19 கோடிக்கு மேல் மாடுகள், கிட்டத்தட்ட 11 கோடி எருமைகள். உலகத்திலேயே அதிகமாகப் பால் கறக்கிற நாடு இது. இந்த மந்தை எங்கள் கறிச்சட்டிக்காக வளர்க்கப்பட்டதல்ல. பாலுக்கும் நெய்க்கும் உழவுக்கும் வளர்த்து, கறவை நின்றதும் காளை கிழடானதும் விற்றுவிடுவதைத்தான் ஏழை வாங்கித் தின்கிறான். நெய்யூற்றிச் சாப்பிடுகிறவனின் தட்டு பச்சையாய் இருக்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் நிற்கிற மந்தை அதேதான். பூமியின் கணக்கில் சைவம், அசைவம் என்று இரண்டு பத்தி இல்லை. அதேபோல 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சிவப்பு இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியபோது ஆட்டையும் மாட்டையும் ஒரே வரிசையில்தான் வைத்தது. ஆட்டுக்கு ஒரு வாசல், மாட்டுக்கு ஒரு வாசல் வைத்தது நம்முடைய ஊர்.

பூமிக்கு நல்ல சாப்பாடு எது என்று நேர்மையாகத் தேடினால், மழையை நம்பி விளைகிற கேழ்வரகும் கம்பும், காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேர்முடிச்சில் பிடித்து மண்ணுக்கே கொடுக்கிற கொள்ளும் காராமணியும், உரம் தண்ணி எதுவும் கேட்காத களைக்கீரையும்தான் முன்னால் வந்து நிற்கும். தேங்கிய தண்ணீரில் விளைகிற நெல்லுவயல்கூட மீத்தேன் விடுகிறது. பால் இல்லாமல், நெய் இல்லாமல், அரிசிகூட அதிகம் இல்லாமல் சாப்பிட்டவள் எங்க ஆயா. பூமிக்குக் கடன் வைக்காமல் செத்தவள். அவள் பேத்தியிடம் வந்து பூமியைக் காப்பாற்றச் சொல்லுகிறவர் முதலில் அவள் காலைத் தொட்டுக் கும்பிடவேண்டும்.

ஆனால் அந்தக் கீரை இப்போது இல்லை. அது போன கதையில் மாடும் இருக்கிறது.

எங்க நைனா தோல் ஷாப்பில் வேலை செய்தார். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி ஊறின தோலைப் புரட்டுகிற வேலை. உள்ளங்கையும் பாதமும் வெந்து ஓட்டையாகிவிடும். ராத்திரி தேங்காயெண்ணெய் போட்டுத் துணி சுற்றிக்கொள்வார். மாடு எங்கள் வயிற்றுக்கு வந்தது கொஞ்சம். பதனிட்ட தோலாகச் சீமைக்குப் போனது அதிகம். தோலின் கழிவு மட்டும் எங்களிடமே நின்றது. முதலில் காலனிக் கிணறு உப்புக் கரித்தது. அப்புறம் பழுப்பானது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது சில கணக்குகளைப் பதிவு செய்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர். தோல் தொழில் வட்டாரத்தில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுசோ பயிருக்கு லாயக்கில்லாமல் போயிற்று. மாசுபடுத்தியவனே பணம் கட்டவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றிய தீர்ப்பு அது. ஆனால் நிலம் இழந்தவனுக்குத்தான் நஷ்டஈடு எழுதமுடியும். எங்க ஆயாவுக்கு நிலம் இல்லை. அடுத்தவன் நிலத்தில் அவளுக்கு இருந்தது களை மட்டும்தான். களை போனதற்கு எந்தக் கோர்ட்டில் நஷ்டஈடு?

2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேறு தேக்கிவைத்த தொட்டி ராத்திரியில் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நைனாவின் பாதம்தான் ஞாபகம் வந்தது. தோல் தண்ணீர் போகாத கொல்லைகளில் களைக்கொல்லி மருந்து வந்தது. பத்துப் பெண்கள் பத்துநாள் பிடுங்கியதை ஒரு ஆள் ஒரு காலையில் அடித்துவிடுகிறான். பெண்களுக்குக் கூலி போயிற்று, கூலியோடு கீரையும் போயிற்று. மருந்தடித்த வரப்பில் பறிக்க யாருக்குத் தைரியம் வரும்?

2017க்கு வருகிறேன். அந்த மே மாதம் மத்திய அரசு, சந்தையில் மாட்டை அறுப்புக்கு விற்கக்கூடாது என்று விதி போட்டது. மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. எங்கெங்கும் எதிர்ப்பு. எங்கள் ஊர்ப்பக்கம் தோழர்கள் மாட்டுக்கறி விருந்து வைத்தார்கள். நான் கறியை விட்டு மூன்றரை வருஷம் ஆகியிருந்தது. போனேன். பரிமாறினேன். கடைசியில் தம்பி ஒரு தட்டை என் கையில் கொடுத்தான். "அக்கா, ஒடம்புக்கு ஒத்துக்காதுன்னு தெரியும். ஒரே ஒரு துண்டு. இன்னிக்கு நீ துன்னலன்னா அவன் சொல்றது செரின்னு ஆயிடும்."

தின்றேன். அம்மா வைக்கிற அதே மசாலா. கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்தினால் மட்டுமல்ல. அந்தத் துண்டு என் நாக்குக்காக அல்ல, உடம்புக்காகவும் அல்ல. 2015 செப்டம்பரில் தாத்ரியில் வீட்டில் மாட்டுக்கறி வைத்திருந்தார் என்று சொல்லி அடித்துக் கொல்லப்பட்ட முகமது அக்லாக்குக்காக. என்னை "சைவமா?" என்று கேட்ட பதினோரு வாசலுக்காக. மறுநாள் திரும்பவும் களி, கீரை. இதில் முரண்பாடு இருக்கிறது என்று யாராவது சொன்னால், இருக்கட்டும். இன்னொருவன் கையில் தடி எடுத்து "விடு" என்கிற நாட்டில், என் உடம்புக்காக நான் விடுவதும் அந்தத் தடிக்கு எதிரில் நின்று தின்பதும் ஒரே கையின் இரண்டு வேலை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். நான் விட்டேன் என்பதற்காக எல்லாரும் விடவேண்டும் என்று சொல்லமாட்டேன். என் வகுப்பில் காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 2010 முதல் நம் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை. அந்த முட்டைக்காகவே பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் உண்டு. 2021இல் கர்நாடகத்தில் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்க ஆரம்பித்தபோது சில மடாதிபதிகள் எதிர்த்தார்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லாதவர்கள் அடுத்தவர் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கச் சொல்வது அகிம்சை ஆகாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எனக்குப் பிள்ளை பிறந்தபோது ஆட்டுச் செவரொட்டியும் ஈரலும் வாங்கிக் கொடுத்துத்தான் அம்மா என்னைத் தேற்றினாள். கூலிவேலை செய்கிற, பிள்ளை சுமக்கிற ஒரு பெண்ணிடம் போய்க் கறியை விடு என்று நான் சொன்னால் என் வாய் அழுகிப்போகும். பி12 என்கிற சத்து செடிகொடியில் கிடையாது. கறி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்ட நான் அதை மாத்திரையாகப் போட்டுக்கொள்கிறேன். ஆயாவுக்கு அது நத்தையிலும் நண்டிலும் கிடைத்தது. வயிறு நிறைந்தவர்கள் குறைக்கட்டும். தினமும் கோழி, தினமும் நெய் என்று இருப்பவர்கள் முதலில் குறைக்கட்டும். குறைவாகக் கிடைத்தவர்களுக்கு முதலில் கிடைக்கட்டும்.

கீரை தின்னுங்கள் என்று சொல்வது சுலபம். கீரை முளைக்க மண் வேண்டும். 1892இல் வெள்ளைக்காரன் அரசாங்கம் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பார்கள். அதில் எவ்வளவு நம் கையில் இருக்கிறது? அதைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டு கரணையிலும் போராட்டம் எழுந்தது. போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிலத்தில் வந்துதான் நிற்கவேண்டியிருக்கிறது. நிலம் இல்லாதவன் எதைச் சாப்பிடுவது என்பதை ரேஷன் கடையும் பிராய்லர் கடையும்தான் தீர்மானிக்கின்றன.

நான் 2024இல் ஓய்வு பெற்றேன். காலனியிலேயே வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடம் இருக்கிறது. தோல்தண்ணி ஏறாத மேட்டு மண். பக்கத்து ஊர் மலையடிவாரத்தில் ஒரு கிழவியிடமிருந்து தொய்யக்கீரை விதையும் பண்ணைக்கீரை விதையும் வாங்கிவந்து தூவினேன். களையை விதைக்கிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். இப்போது சிரித்தவர்களே காலையில் சொம்போடு வந்து பறித்துக்கொண்டு போகிறார்கள்.

போனமாதம் தம்பி வந்தான். அவனுக்கும் இப்போது சர்க்கரை, 8.6. தட்டு போட்டேன். களி, தொய்யக்கீரை கடைசல், கொள்ளுச் சுண்டல். ஒருவாய் பிட்டுத் தொட்டு வாயில் போட்டவன் கொஞ்சநேரம் பேசவில்லை.

"ஆயா கையி மாதிரியே இருக்குக்கா" என்றான்.

"பாப்பாத்தி சமையல்டா" என்றேன்.

இந்தமுறை இரண்டு பேரும் சிரித்தோம்.